பட்டத்திற்குப் பிந்திய ஆண்டுகள்



உசிலம்பட்டியிலிருந்து பேருந்தில் மதுரைக்குச் செல்கிறவர்கள், கருமாத்தூரையும் செக்கானூரணியையும் கடந்தால், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சாலையோரத்திலேயே காண்பார்கள். இடப்புறத்தில் நாகமலை நீண்டு கிடக்கும். நாகமலைப் புதுக்கோட்டையை அடைந்து தெற்கே நோக்கினால், கீழக்குயில்குடிக்கருகே சமணர் மலை தெரியும். அந்த மலையில் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறையிலே செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று அவற்றைக் காட்டிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன்.

ஆனால் அந்த மலைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது மிகவும் பழைய வரலாறு அன்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கியது. குகையிலே துறவிகள் அமர்ந்து தவம் செய்தனர் என்று படிக்கிறோம். அதே மலைக் குகைகளில், இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், வேறொரு வகைத் தவமும் நடந்தது. விஞ்ஞானிகள் சிலர் வௌவால்களோடு இருளிலே காத்திருந்தார்கள். “சூரியனைக் காணாத உயிர் நேரத்தை எவ்வாறு அறிகிறது?” என்பது அவர்கள் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, அதைக் கேட்கும் ஆற்றலை அவர்கள் எங்கே பெற்றார்கள் என்பதே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள். அதைச் சொல்லும்போது, நம் ஊர்களில் பலரும் அறியாத ஒரு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வேலைக்கு, “முனைவர் பட்டத்திற்குப் பிந்திய ஆராய்ச்சிப் பணி” என்று பெயர். கல்லூரிகளில் சுருக்கமாகப் ‘போஸ்ட்டாக்’ என்பார்கள். ஒருவர் பள்ளியில் படிக்கிறார், பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடிக்கிறார், பின்னர் நான்கைந்து ஆண்டுகள் உழைத்து முனைவர் பட்டமும் பெறுகிறார். இனி வேலைதானே என்று வீட்டார் எண்ணுவார்கள். ஆனால் விஞ்ஞானத் துறைகளில் இதற்கு அப்பாலும் ஒரு படி உண்டு. வேறோர் ஆய்வுக்கூடத்தில், வேறோர் ஆசிரியரிடத்தில், இரண்டு மூன்று ஆண்டுகள் உதவித்தொகை பெற்று ஆராய்ச்சி செய்வதே அந்தப் படி. அப்போது அவர் மாணவரும் அல்லர். நிலையான ஆசிரியரும் அல்லர். காலக்கெடு முடிந்தால் வேலையும் முடிந்துவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன்பு என் பழைய மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்தார். அவர் கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று, வடநாட்டு ஆய்வு நிலையம் ஒன்றில் இரண்டு ஆண்டு ஆராய்ச்சிப் பணிக்கான அழைப்பு. மற்றொன்று, அருகிலுள்ள ஒரு பள்ளியில் நிலையான ஆசிரியர் வேலைக்கான ஆணை. “ஐயா, நான் எதை ஏற்பது?” என்று கேட்டார். நான் ஒரு நொடியும் தயங்கவில்லை. “தம்பி, இரண்டு ஆண்டு வேலையும் ஒரு வேலையா? அது முடிந்ததும் தெருவில் நிற்பாயா? உன் தாயும் தந்தையும் மானாவாரி நிலத்தை நம்பி உன்னைப் படிக்கவைத்தவர்கள். நிலையான வேலையை எடுத்துக்கொள்” என்றேன். அவரும் அவ்வாறே செய்தார். இன்று நல்ல ஆசிரியராக விளங்குகிறார். எனினும், அன்று நான் சொன்ன சொல் எனக்கு அவ்வப்போது நினைவுக்கு வரும். நான் அறிவுரை சொன்னேன். ஆனால் அந்த இரண்டு ஆண்டு வேலையின் வரலாற்றை அறியாமல் சொன்னேன். அந்த வரலாற்றை நீங்களாவது அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பறித்து வயலில் நட்டவுடனே அது வளரத் தொடங்குவதில்லை. சில நாட்கள் வாடி, வெளிறி நிற்கும். அந்நாட்களில் அதைப் பார்ப்பவன், நட்டது வீண் என்று கூட நினைப்பான். ஆனால் உள்ளே புதிய வேர் இறங்கிக்கொண்டிருக்கும். பிறகுதான் பயிர் பச்சை பிடிக்கும். கல்வியில் முனைவர் பட்டம் வரை உள்ளது நாற்றங்கால் எனலாம். அதன்பின் வரும் இரண்டு மூன்று ஆண்டுகள் பச்சை பிடிக்கும் காலம்.

இந்தக் காலத்திற்கென்று பொருளுதவி செய்யும் வழக்கம் உலகில் எப்போது தோன்றியது? ஜெர்மனியில் அலெக்சாண்டர் ஃபொன் ஹும்போல்ட் என்ற பேரறிஞர் இருந்தார். 1799 முதல் 1804 வரை அமெரிக்கக் கண்டத்தின் காடுகளிலும் மலைகளிலும் அலைந்து, செடி கொடிகளையும் தட்பவெப்பத்தையும் நில அமைப்பையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி ஆராய்ந்தவர் அவர். இன்று சுற்றுச்சூழல் விஞ்ஞானம் என்று நாம் சொல்வதற்கு வித்திட்டவர்களுள் அவர் தலையாயவர். 1859-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை பெர்லினில் நிறுவப்பட்டது. ஆராய்ச்சிக்காகப் பிற நாடுகளுக்குச் செல்லும் விஞ்ஞானிகளுக்கு அது துணை செய்தது. இருமுறை அற்றுப்போய், 1953-இல் அது மீண்டும் உயிர்பெற்றது. அப்போது அதன் நோக்கம் திசைமாறி விரிந்திருந்தது. பிற நாடுகளில் முனைவர் பட்டம் பெற்ற இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஜெர்மனிக்கு வரவழைத்து, தம் விருப்பப்படி ஆராய்ச்சி செய்ய உதவுவதே அதன் பணியாயிற்று. அமெரிக்க நாட்டிலே 1919-இல், ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் பொருளுதவியோடு, தேசிய ஆராய்ச்சிக் குழு பௌதிகத்திலும் ரசாயனத்திலும் இத்தகைய உதவித்தொகைகளைத் தொடங்கியது. முதல் உலகப் போர் முடிந்த அக்காலத்தில், பட்டம் பெற்ற இளைஞர்கள் கல்லூரியில் பாடம் நடத்தும் சுமையிலேயே அமிழ்ந்துவிடக் கூடாது என்று அந்நாட்டு அறிஞர்கள் கருதினார்கள். ஆராய்ச்சிக்கு முதற்பொருள் கருவியன்று, கட்டடமன்று. கவலையற்ற காலமே முதற்பொருள் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இனி, நம் சமணர் மலைக்கு வந்த கேள்வியின் வரலாற்றைப் பார்ப்போம்.

மாலை நேரத்தில் புளியமரத்தின் அடியில் நின்று மேலே பாருங்கள். பகலெல்லாம் விரிந்திருந்த சிற்றிலைகள் இரண்டிரண்டாகக் கூடி மூடிக்கொண்டிருக்கும். தூங்குமூஞ்சி மரம் இதனாலேயே அப்பெயர் பெற்றது. இந்தச் செய்தியை எழுத்தில் பதிவுசெய்தவர்களில் மிகப் பழையவர் ஒரு கிரேக்கர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் மாமன்னர் அலெக்சாந்தரின் படையோடு வந்த ஆண்ட்ராஸ்தெனிஸ் என்பவர், பாரசீக வளைகுடாத் தீவொன்றில் புளியமரத்தின் இலைகள் இரவில் மூடுவதையும் பகலில் விரிவதையும் கண்டு குறித்துவைத்தார். வெயில் வந்தால் விரிகிறது, இருள் வந்தால் மூடுகிறது என்று நாமும் எளிதாகச் சொல்லிவிடுவோம்.

1729-இல் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான் இதைச் சோதித்துப் பார்த்தார். தொடுவதற்குக் கூசிச் சுருங்கும் செடி ஒன்றை, நம் தொட்டாற்சுருங்கியைப் போன்றதை, இருட்டறையில் வைத்தார். வெளியே விடிந்தபோது, ஒளி சிறிதும் படாத அந்தச் செடியும் இலையை விரித்தது, மாலையானதும் மூடியது. ஆகவே, வெயில் மட்டும் காரணமன்று; செடிக்குள்ளேயே ஏதோ ஒன்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த ஏதோ ஒன்றைத்தான் பிற்காலத்தார் உயிர்க் கடிகாரம் என்றார்கள். இருபதாம் நூற்றாண்டில் இத்துறையை நிலைநிறுத்தியவர்களுள் ஒருவர் ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் எர்வின் ப்யூனிங். அவரை இலைகளின் அசைவைக் கொண்டு தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். உயிர்க் கடிகாரத்தைப் பற்றிய அவருடைய நூல் 1958-இல் வெளிவந்தது. ட்யூபிங்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக இருந்தார்.

அதே காலத்தில் சென்னைக் கடற்கரையிலே ஓர் இளைஞர் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் மா. கி. சந்திரசேகரன். 1937-இல் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவர். அலை வந்து மீளும் ஈர மணலில் புதைந்து வாழும் கட்டைவிரலளவு நண்டினம் ஒன்றை அவர் ஆராய்ந்தார். கடலில் அலை ஏற்றமும் இறக்கமும் ஒருநாளைக்கு இருமுறை நிகழ்கின்றன. அதற்கேற்ப அந்த நண்டு சுறுசுறுப்பாக இயங்கும், பிறகு ஓயும். கடலை விட்டுப் பிரித்து, ஆய்வுக்கூடத்தின் பாத்திரத்தில் வைத்த பின்னும் அந்தச் சிறிய உயிர் ஏற்றவற்றத்தின் தாளத்தை மறக்கவில்லை. அது நீந்துவதிலும் உயிர்ப்பதிலும் அந்தத் தாளம் தொடர்ந்தது. இந்த முடிவு 1965-இல் ஜெர்மானிய விஞ்ஞான இதழ் ஒன்றில் வெளியாயிற்று.

இங்கே அவர் நின்றிருக்கலாம். பட்டம் கிடைத்துவிட்டது. ஏதேனும் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்திக்கொண்டு, வாரம் இருமுறை தவளையை அறுத்துக்காட்டி, நல்ல பெயரோடு ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் அவர் ஹும்போல்ட் அறக்கட்டளையின் உதவித்தொகையைப் பெற்று, ட்யூபிங்கனில் ப்யூனிங்கிடம் சென்றார். பின்னர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பெர்க்கிலி நகரப் பல்கலைக்கழகத்தில் வெர்னர் லோஹர் என்ற அறிஞரோடு பணிசெய்தார். மறுபடியும் ட்யூபிங்கனில் எங்கெல்மன் என்பவரோடு சேர்ந்து உழைத்தார். இவை யாவும் காலக்கெடு உடைய வேலைகளே.

அந்த ஆண்டுகளில் அவர் கற்றது என்ன? கடல் நண்டை விட்டுவிட்டுப் பழ ஈயை எடுத்துக்கொண்டார். வாழைப்பழம் அளவு மீறிக் கனிந்தால் மொய்க்கிறதே, அந்தச் சிறு ஈயின் உறவினம் அது. கூட்டுப்புழுவிலிருந்து ஈ வெளிவருவது விடியற்காலத்தில்தான். முழு இருட்டுக்கு மாற்றிய பின்னும் அந்த ஒழுங்கு தொடர்கிறது. ஆனால் இருட்டிலே ஒரு சிறு ஒளிக்கீற்றைக் காட்டினால், உள்ளிருக்கும் கடிகாரம் முன்னோ பின்னோ தள்ளிப்போகிறது. எவ்வளவு ஒளி காட்டினால் எவ்வளவு தள்ளும் என்பதை லோஹரும் அவரும் அளந்து 1969-இல் வெளியிட்டார்கள். முன்னிரவில் கடிகாரத்தைத் தள்ள ஒரு அளவு நீலஒளியும், பின்னிரவில் தள்ள வேறு அளவும் தேவைப்படுகின்றன என்று எங்கெல்மனோடு சேர்ந்து 1973-இல் காட்டினார். ‘ஈயைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சியா?’ என்று உங்களுள் சிலர் நகைக்கலாம். அதே பழ ஈ இனத்தின் உறவில்தான் கடிகாரத்தை இயக்கும் மரபணு கண்டறியப்பட்டது. அந்த வழியில் உழைத்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூவருக்கு 2017-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. இரவுப் பணி செய்யும் தொழிலாளியின் உடல்நலம், மருந்தை எந்த வேளையில் உண்பது என்பன போன்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த அறிவே அடிப்படை.

1975-இல் சந்திரசேகரன் மதுரைக்கு வந்தார். மதுரைப் பல்கலைக்கழகம் அப்போது தோன்றிப் பத்து ஆண்டுகூட நிறையவில்லை. 1966-இல் தொடங்கியது, 1978-இல்தான் காமராசர் பெயரைப் பெற்றது. ட்யூபிங்கனிலும் பெர்க்கிலியிலும் இருந்த வசதிகள் நாகமலையடிவாரத்தில் இருந்திருக்க முடியாது. ஆனால் அந்நகரங்களில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. வெப்பம் அதிகம் மாறாத, உள்ளே செல்லச் செல்ல ஒளியே புகாத குகைகள் பல்கலைக்கழகத்திற்கு அருகிலேயே இருந்தன. அவற்றிலே துரிஞ்சில்கள், அதாவது பூச்சி தின்னும் சிறு வௌவால்கள், கூட்டம் கூட்டமாகத் தொங்கின. மேல்நாட்டார் பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய இருட்டறையை, நம் மலை இயற்கையாகவே வைத்திருந்தது. இதைக் கண்டுகொள்ளும் கண்ணை அவருக்குக் கொடுத்தவை அந்தக் காலக்கெடு வேலைகள்.

அவரும் மாரிமுத்து, சுப்பராஜ் முதலிய அவருடைய மாணவர்களும் செய்த சோதனையை உங்களுக்குச் சொல்கிறேன். குகையின் ஆழத்தில் வாழும் துரிஞ்சில் ஒன்றைப் பிடித்துக் கூண்டிலிட்டார்கள். கூண்டை இருள் சூழ்ந்த குகையினுள்ளேயே வைத்தார்கள். அது குகை வாயிலுக்கு வந்து அந்தி மங்குவதைப் பார்க்க முடியாது. கூட்டத்தைச் சேர்ந்த பிற வௌவால்களோ வழக்கம்போல மாலையில் வெளியே சென்று விடியலில் திரும்பின. கூண்டிலிருந்த வௌவால் என்ன செய்தது? ஒளியைக் காணாமலே, கூட்டம் புறப்படும் வேளையில் அதுவும் எழுந்து சிறகடித்தது. கூட்டம் திரும்பியபின் அடங்கியது. நாட்கள் பல கடந்தும் இது தவறவில்லை. பின்னர், வௌவால்களே இல்லாத தனிக்குகையில் அதே இன வௌவாலை வைத்துப் பார்த்தார்கள். அப்போது அதன் நாள் சிறிது சிறிதாக வெளியுலகின் நாளிலிருந்து விலகிச் சென்றது. உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதைத் திருத்துவார் இல்லை. சுற்றத்தாரின் ஒலியும் அசைவுமே அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தன என்பது இதனால் புலனாயிற்று. இம்முடிவுகள் 1978-லும் 1981-லும் ஜெர்மானிய விஞ்ஞான இதழ்களில் வெளிவந்து உலக அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தன.

விண்மீன் ஒளியைக் காட்டிலும் மங்கலான பகலொளிகூட வௌவாலின் கடிகாரத்தைத் திருத்தப் போதும் என்று 1982-இல் மதுரை ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூற்றின் பாதியளவு நேரமே நீடிக்கும் ஒளிமின்னல் ஒன்று துரிஞ்சிலின் கடிகாரத்தை நகர்த்துகிறது என்று 1984-இல் வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாவிலும் ட்யூபிங்கனிலும் பழ ஈக்கு ஒளிக்கீற்றுக் காட்டிய அதே கைதான், சமணர் மலைத் துரிஞ்சிலுக்கும் ஒளி காட்டியது என்பதைக் கவனியுங்கள். தற்காலிக ஆண்டுகளிலே கற்ற முறை, நிலையான ஆண்டுகளிலே சொந்த மண்ணின் கேள்விக்கு விடையாயிற்று.

வரலாற்றில் இதன் பின் நிகழ்ந்ததுதான் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தருவது. முன்பு மதுரைக்கு வரப்போகும் ஒருவர் ஜெர்மனிக்குச் சென்றார். இப்போது ஜெர்மானியர்கள் மதுரைக்கு வந்தார்கள். வௌவால்களின் செவிப்புலனை ஆராய்வதில் புகழ்பெற்ற கெர்ஹார்ட் நாய்வைலர் இந்தியருடன் கூட்டாக மதுரை வட்டாரத்து வௌவால்களை ஆராய்ந்தார். தென்னிந்திய வௌவால் இனங்கள் பலவற்றின் கேட்கும் திறனை அளந்து 1984-இல் அவரும் இந்திய ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். தவளை முதலியவற்றைப் பிடித்துத் தின்னும் பெரிய செவியுடைய வௌவால் ஒன்று, தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியை நம்பாமல், இரை துள்ளும்போது எழும் ஓசையைக் கேட்டே அதைப் பிடிக்கிறது என்று மாரிமுத்துவும் நாய்வைலரும் 1987-இல் காட்டினார்கள். சந்திரசேகரன் பிற்காலத்தில் பெங்களூருக்குச் சென்று ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் பணியாற்றினார், 2009-இல் மறைந்தார். அவர் உருவாக்கிய மாணவர்கள் மதுரையில் அப்பணியைத் தொடர்ந்தார்கள்.

இந்தக் கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால், நான் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். நட்ட நாற்றெல்லாம் பச்சை பிடிப்பதில்லை. தற்காலிக வேலையின் துன்பமும் உண்மையான துன்பமே.

கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனை நீங்கள் அறிவீர்கள். 1952-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, அதன்பின் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருளைக்கிழங்கின் மரபியலில் இத்தகைய ஆராய்ச்சிப் பணியே செய்தார். அங்கேயே தங்கிவிடும்படி ஆசிரியப் பதவி அளிக்க முன்வந்தார்கள். அதை மறுத்து 1954-இல் தாயகம் திரும்பினார். அவ்வளவு கற்றவருக்கும் இங்கே நிலையான இடம் உடனே காத்திருக்கவில்லை. முதலில் கட்டாக்கில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிகப் பணி. பிறகுதான் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையம். பின்னாளில் நாட்டின் பசியைத் தணிக்க உழைத்தவரே அன்று இடமின்றிக் காத்திருந்தார் என்றால், பெயர் வெளிவராத மற்றவர்களின் நிலை என்னவாக இருந்திருக்கும்!

இக்குறையை அரசும் உணர்ந்தது. வெளிநாட்டில் பயின்று திரும்பும் விஞ்ஞானிகள் நிலையான வேலை கிடைக்கும் வரை வறிதே இராமல் ஏதேனும் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்து பணிசெய்ய, 1958-இல் விஞ்ஞானிகள் தொகுப்புத் திட்டம் என்ற ஏற்பாடு தொடங்கப்பட்டது. நாட்டிற்குள்ளேயே முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டு அளிக்கும் தேசிய உதவித்தொகை ஒன்றும் 2015-இல் ஏற்பட்டது. வழிகள் முன்பைவிடப் பெருகியுள்ளன. ஆயினும் காலக்கெடு முடிந்து அடுத்த இடம் கிடைக்காமல் தவிப்போர் இன்றும் உளர். முப்பது வயதைக் கடந்தும் வீட்டிற்குப் பணம் அனுப்ப இயலாமை, திருமணம் தள்ளிப்போதல், உதவித்தொகை வரத் தாமதம் ஆகியவை அவர்கள் படும் பாடு. பெண்களுக்கு இச்சுமை இருமடங்கு. இவற்றை மறைத்து உங்களை ஆராய்ச்சிக்கு அழைப்பது அறமாகாது.

அப்படியானால் ஏன் இதைச் சொல்கிறேன்? ஏனெனில், இந்த இடைக்கால ஆய்வாளர்கள் இல்லாவிட்டால், நம் கண்முன் இருப்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். அதற்கும் ஒரு வௌவாலின் கதையே சான்று. உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மேகமலையில், ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத்துரை 1948-இல் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். அதைப் பாடம் செய்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். சாதாரண இனம் என்று எண்ணி, அதன்மேல் தவறான பெயரை எழுதி வைத்துவிட்டார்கள். இருபத்துநான்கு ஆண்டுகள் அது பேழையில் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதைப் பொறுமையோடு ஆராய்ந்து, இது உலகம் அதுவரை அறியாத இனம் என்று கண்டார். பறவையியல் மேதை சலீம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் அது. அதைப் பிடித்தவர் இருந்தார். காத்து வைத்தவர்களும் இருந்தார்கள். அமர்ந்து பார்க்கக் காலமுடைய ஒருவர்தாம் வர வேண்டியிருந்தது.

2022-இல் மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏறத்தாழ 250 பறவையினங்கள் அங்கே உண்டு என்பது அந்த அறிவிப்புக்கு ஓர் ஆதாரம். இரண்டு ஆண்டு கழித்து, அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்ற செய்தி பரவி ஊரார் எதிர்த்து நின்றபோது, அந்தப் பட்டியல் அவர்களுக்கு ஓர் ஆயுதமாயிற்று. 2025 ஜனவரியில் அந்தச் சுரங்க ஏலம் கைவிடப்பட்டது. பறவைகளை எண்ணியவர்கள் இல்லாவிட்டால், மலையை வெறும் கல்லென்று சொல்வோருக்கு மறுமொழி சொல்ல நம்மிடம் என்ன இருந்திருக்கும்? நம் வட்டாரத்து மலைகளில் இன்னும் எண்ணப்படாதவை பல. கண்மாய்களில் முன்பு இருந்து இன்று இல்லாத மீன்கள் எவை, மானாவாரிக் காடுகளில் பெய்யும் மழையின் ஒழுங்கு எவ்வாறு மாறுகிறது, தெருவிளக்குகளின் வெளிச்சம் குகை வௌவால்களின் இரவை எவ்வாறு குலைக்கிறது என்று கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய. இவற்றுக்கு ஓராண்டில் விடை கிடைக்காது. மழைக்காலங்கள் பல பார்த்தவரே விடை சொல்ல முடியும்.

ஆகவே, மாணவர்களே, என் பழைய மாணவர் இன்று மறுபடி வந்து அதே கேள்வியைக் கேட்டால், நான் என்ன சொல்வேன்? “உடனே போ” என்று சொல்லிவிட மாட்டேன். அவர் வீட்டு நிலையை அவரே அறிவார். ஆனால் முதலில் நான் சில கேள்விகளைக் கேட்பேன். “யாரிடம் போகிறாய்? அவரிடம் கற்க வேண்டிய எது இங்கே கிடைக்காது? திரும்பி வரும்போது எந்தக் கேள்வியைக் கொண்டு வருவாய்?” இவற்றுக்கு அவரிடம் விடை இருந்தால், அவருடைய பெற்றோரிடம் நானே சென்று பேசுவேன். இரண்டு ஆண்டு வேலையும் ஒரு வேலைதான் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வேன். அன்று அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை பட்டம் பெற்ற பின்னும் ‘இன்னும் படிக்கிறேன்’ என்று சொன்னால், அக்கம்பக்கத்தார் பேச்சுக்கு அஞ்சி அவனையோ அவளையோ அவசரப்படுத்தாதீர்கள். நட்ட மறுநாளே கதிர் எங்கே என்று எந்த உழவரும் கேட்பதில்லை.

அடுத்த முறை மதுரைப் பேருந்தில் செல்லும்போது, மாலை வேளையாயின், நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கிச் சற்று நில்லுங்கள். அந்தி மங்கும்போது வானத்திலே சிறிய கரிய உருவங்கள் சிறகடித்துச் செல்வதைக் காணலாம். அவை மலையின் இருளிலிருந்து சரியான நேரத்தில் புறப்பட்டு வருபவை. அது எப்படி என்று கேட்டவர்கள், உங்களைப் போல இங்கே வாழ்ந்தவர்கள்தாம்.